பழக்கழிவும் ஒரு பழைய கணக்கும்

போன மாம்பழ சீசனில் ஒரு நாள் காலை பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பலகையில் குபேர் அங்காடி என்று இருந்தாலும் நம் வாயில் வருவது பெரிய மார்க்கெட்தானே. வழக்கமாக நான் பழம் வாங்கும் அம்மா, கூடையிலிருந்து அழுகின பங்கனப்பள்ளிகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே வாழைத்தார்க் காம்புகள், அன்னாசிக் கொண்டை, சாறு கடைக்காரர் கொட்டிவிட்டுப் போன சாத்துக்குடித் தோல் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. மேலே ஈ மொய்த்தது. கீழே தண்ணீர் வடிந்து வழுக்கியது.

"இதெல்லாம் எங்கேம்மா போகுது?" என்று கேட்டேன்.

"வண்டி வந்தா அள்ளிக்கிட்டுப் போவும் ஐயா. வராட்டி இங்கியே கெடந்து நாறும்" என்றார்.

வண்டி வந்தால் மட்டும் என்ன? இங்கே நாறுவது வேறிடத்தில் போய் நாறும். அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்குக் காரணம் உண்டு. பழக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஒரு சின்னத் தொட்டி என் வீட்டுக் கொல்லையில் மூன்று வருடமாக இருக்கிறது. அதைவிடப் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம்.

இந்த வாயு எனக்குச் சின்ன வயதிலேயே அறிமுகம். நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். விஞ்ஞான வகுப்பில் எங்கள் முசே கரும்பலகையில் 'காஸ் தே மரே' என்று எழுதினார். சதுப்பு நிலத்து வாயு என்று அர்த்தம். 1776-இல் இத்தாலிக்காரர் வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கம்பால் கிளறி, மேலே வந்த குமிழிகளைச் சீசாவில் பிடித்து, அது எரிகிறது என்று கண்டுபிடித்த கதையைச் சொன்னார். மின்சாரத்துக்கு வோல்ட் என்ற அளவு யார் பெயரால் வந்ததோ, அதே வோல்ட்டாதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு பையன்களும் சைக்கிளில் ஊசுடேரிக்குப் போய்க் கம்பால் சேற்றைக் கிளறினோம். குமிழி வந்தது. சீசாவில் பிடிக்கத்தான் தெரியவில்லை. சட்டையெல்லாம் சேறாகி வீட்டில் அடி வாங்கினதுதான் மிச்சம்.

ஏரிச் சேற்றில் நடப்பதுதான் சாண எரிவாயுத் தொட்டியிலும் நடக்கிறது. காற்றுப் புகாத இடத்தில் மக்கும் பொருள் கிடந்தால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக்குகின்றன. அந்த வாயுவில் பாதிக்கு மேல், சுமார் 55 முதல் 65 சதவீதம் வரை, மீத்தேன். மற்றதில் பெரும்பகுதி கரியமில வாயு. அழுகின முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் துளி இருக்கும். சாணம்தான் வேண்டும் என்றில்லை. சோறு, காய்கறித் தோல், பழம், எதுவானாலும் சரி. பழத்தில் சர்க்கரை அதிகம் என்பதால் சாணத்தைவிடச் சீக்கிரம் வாயு வரும். மாடு தின்று, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சம் போட்டதுதானே சாணம்! பழம் அப்படியல்ல, முழுச்சாப்பாடு.

முழுச்சாப்பாடு என்பதில்தான் சிக்கலே.

என் தொட்டியின் கதையைக் கேளுங்கள். ஒரு கன மீட்டர் பிளாஸ்டிக் தொட்டி. மகன் வாங்கி வைத்துவிட்டுப் போனான். பக்கத்துத் தெரு மாட்டுக்கொட்டிலில் சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றி, மூன்று வாரம் காத்திருந்தோம். ஒரு நாள் காலை நீலமாக எரிந்தது. என் வீட்டு அம்மா அதில் முதலில் பால்தான் காய்ச்சினார். அதன்பின் தினமும் நாலைந்து கிலோ சமையலறைக் கழிவைச் சின்னதாக நறுக்கி, அதே அளவு தண்ணீர் சேர்த்து ஊற்றுவேன். ஒரு அடுப்பு ஒரு மணி நேரம் எரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். பெரிய பணம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த மே மாதம் பேராசை பிடித்தது. மார்க்கெட் அம்மா கொடுத்த அழுகல் மாம்பழம் ஒரு சாக்கு. சுமார் இருபது கிலோ இருக்கும். இரண்டே நாளில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். முதல் நாள் வாயு குபுகுபுவென்று வந்தது. மூன்றாம் நாள் வாயு இருந்தது, ஆனால் எரியவில்லை. ஐந்தாம் நாள் தொட்டியிலிருந்து கள்ளு புளித்த மாதிரி நாற்றம். எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

என்ன நடந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆபீஸ் பாஷையில் சொன்னால் நம்மவர்களுக்கு எளிதில் புரியும். தொட்டிக்குள் இரண்டு செக்‌ஷன். முதல் செக்‌ஷன் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உடைத்து அமிலமாக்கும். இரண்டாவது செக்‌ஷன் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்கும். முதல் செக்‌ஷன் படுவேகம். இரண்டாவது செக்‌ஷன் நிதானம், பெருகவும் நாளாகும். சாணத்தில் கட்டு மெதுவாக வருவதால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும். மாம்பழம் விழுந்தால் முதல் செக்‌ஷன் ஒரே நாளில் அத்தனை பைலையும் அனுப்பிவிடும். இரண்டாவது மேஜையில் பைல் குவியும். அமிலம் ஏறஏற அங்கே வேலை செய்பவர்களே படுத்துவிடுவார்கள். அமில-கார அளவு 7-ஐ ஒட்டி இருக்கிறவரைக்கும் அவர்கள் வேலை செய்வார்கள். 6-க்குக் கீழே போனால் தொட்டி வெறும் புளிச்ச தண்ணிதான்.

வைத்தியம்? மனுஷ வயிற்றுக்குச் செய்வதேதான். பட்டினி போட்டேன். பத்து நாள் ஒன்றும் ஊற்றவில்லை. கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டேன். பழையபடி சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றினேன். மூன்று வாரத்தில் நீல நெருப்பு திரும்பி வந்தது. அன்றிலிருந்து பழம் போட்டால் கூடவே ஒரு பங்கு சாணமும் போடுகிறேன். சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல் போடுவதில்லை. அந்தத் தோலில் உள்ள எண்ணெய் இந்த நுண்ணுயிர்களுக்கு ஆகாது. மாங்கொட்டை, வாழைத்தார்க் காம்பு, அன்னாசிக் கொண்டை இவையும் செரிக்காது. அவை எருக்குழிக்கு.

ஏன் எல்லாவற்றையும் எருக்குழிக்கே அனுப்பிவிடக் கூடாது என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. இலை, தழை, காம்புக்கு எருக்குழிதான் சரி. ஆனால் பழத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு தண்ணீர். குவித்து வைத்தால் காற்றுப் போக இடமில்லாமல் கசிந்து நாறும். தொட்டிக்கோ தண்ணீர்தான் தேவை. ஆகவே நீர்ச்சத்துள்ள கழிவு தொட்டிக்கு, உலர்ந்தது குழிக்கு. இதில் சண்டைக்கு இடமே இல்லை. அதற்கும் முன்னால் ஒன்று: தின்னக் கூடியதை மனிதர் தின்னட்டும், அடுத்து மாடு ஆடு தின்னட்டும். அதற்கும் ஆகாததுதான் தொட்டிக்கு.

இப்போது அந்தப் பழைய கணக்குக்கு வருகிறேன்.

1981-82-இல் மத்திய அரசு சாண எரிவாயுவுக்கென்று ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்தது. தொட்டி கட்டுபவர்களுக்கு மானியம். அப்போது நான் ஒரு துறையில் குமாஸ்தா. துறையின் பெயர் வேண்டாம். பயனாளிகள் பட்டியல், மானிய பில், காலாண்டு அறிக்கை எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். அறிக்கையில் இரண்டு கட்டம். 'அமைக்கப்பட்டவை', 'இயங்குபவை'. முதல் கட்டத்துக்கு பில் இருந்தது. இரண்டாவது கட்டத்துக்கு என்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. யாரும் போய்ப் பார்த்துச் சொன்னதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் கட்டத்தில் இருந்த எண்ணை இரண்டாவது கட்டத்திலும் எழுதினேன். கையெழுத்தாகிப் போனது. அடுத்த காலாண்டும் அப்படியே. யாரும் கேட்கவில்லை. என்னை யாரும் அப்படி எழுதச் சொல்லவுமில்லை. அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நாலைந்து வருடம் கழித்துப் பாகூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்து வீட்டுக் கொல்லையில் பழக்கமான ஒரு உருவம் கண்ணில் பட்டது. எரிவாயுத் தொட்டி. மேலே வேர்க்கடலைக் கொடி காயவைத்திருந்தார்கள். உள்ளே கோழி அடைந்திருந்தது. வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் நல்லாத்தான் எரிஞ்சுது சார். எம்மாமியாரு இருந்த வரைக்கும் தெனம் அவங்கதான் சாணி கரைச்சு ஊத்துவாங்க. அவங்க போனப்பறம் அப்பப்ப விட்டுப் போச்சு. அப்பறம் ஒரு வெடிப்பு. ஆபீசுக்கு ரெண்டு தடவ சொல்லி வுட்டோம். யாரும் வரல. எங்களுக்குப் பழையபடி வெறகுதான்."

அந்த அம்மாவின் கண் புகையில் சிவந்திருந்தது. நான் அந்த ஆபீசில்தான் வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தேன், இறங்கவில்லை. என் அறிக்கையில் அந்தத் தொட்டி அன்றைக்கும் இயங்கிக்கொண்டிருந்தது. அது இயங்குகிறது என்று எழுதினபிறகு, அதைப் பழுது பார்க்கப் பணம் கேட்க யாருக்குத் தோன்றும்? வெடிப்பைப் பூச ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி போதும். அந்த ஒரு நாள் கூலியை நான்தான் என் பேனாவால் அடித்துவிட்டேன்.

இதைச் சொல்வது மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் இல்லை. இப்போது மறுபடியும் ஊர் ஊராகக் காய்கறி, பழச் சந்தைகளில் எரிவாயு ஆலை வைக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். நம் ஊரிலும் பேசுவார்கள். பேச வேண்டும். நான் அதற்கு முழு ஆதரவு. ஆனால் எதை முதலில் கேட்க வேண்டும் என்பதில்தான் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. இயந்திரத்தை அல்ல, அதற்குத் தினமும் சோறு போடும் ஆளை முதலில் கேளுங்கள். அந்தத் தொட்டி செத்தது சாணம் இல்லாமலா? மாமியார் இல்லாமல் செத்தது. என் தொட்டி சாகப் பார்த்தது பழம் இல்லாமலா? அளவு தெரியாமல் போட்ட என்னால். உயிருள்ள ஒன்றை வாங்கி, அதற்கு ஒரு பணியிடம் அனுமதிக்காமல் விட்டால், நாடா வெட்டின அன்றைக்கே அதற்குக் காரியம் செய்தாயிற்று என்று அர்த்தம்.

ஒழுங்காக நடத்தினால் நடக்கிறது என்பதற்கு உதாரணம் இருக்கிறது. செகந்திராபாத் பக்கம் போயின்பல்லி காய்கறிச் சந்தையைப் பற்றி 2021 ஜனவரியில் பிரதமர் வானொலியில் பேசியது நினைவிருக்கலாம். தினம் சேரும் சுமார் 10 டன் கழிவிலிருந்து 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிவாயுவும். மின்சாரம் சந்தை விளக்குக்கு, வாயு அங்குள்ள கான்டீன் சமையலுக்கு. இந்தூரில் 2022-இல் திறந்தது இன்னும் பெரியது, நாளுக்கு 550 டன் ஈரக்கழிவு செரிக்கும் ஆலை. அங்கே ஆலைக்கு முன்னாலேயே வீட்டுக்கு வீடு ஈரக்குப்பையைப் பிரித்து வாங்கும் பழக்கம் வந்துவிட்டது. அதுதான் பாதி வேலை.

பிரிப்பது என்றதும் எனக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை ஞாபகம் வருகிறது. குப்பைத் தொட்டிக்கு அவர்கள் பாஷையில் 'புபெல்'. அது ஒரு ஆளின் பெயர். பாரீஸை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த யூஜேன் புபெல், 1883-இல் வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும் என்று ஆணை போட்டார். அதுவும் ஒன்றல்ல, மூன்று: அழுகுவதற்கு ஒன்று, காகிதம் துணிக்கு ஒன்று, கண்ணாடி பீங்கான் சிப்பி ஓட்டுக்கு ஒன்று. ஜனங்கள் கோபத்தில் தொட்டிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். தொட்டி நிலைத்தது, பிரிப்பது நிலைக்கவில்லை. அங்கேயும் மக்கும் கழிவைத் தனியாகப் பிரிக்க வழி செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 2024 ஜனவரி 1-இல்தான் எல்லோருக்கும் நடைமுறைக்கு வந்தது. நூற்று நாற்பது வருடம்! பிரான்ஸில் இருக்கும் என் பள்ளித் தோழன், சொல்தா பென்ஷன்காரன், தொலைபேசியில் சிரித்தான்: "இப்ப எங்க வீட்டிலேயும் வாழைப்பழத் தோலுக்குத் தனி புபெல்." ஆகவே நம் ஜனங்களுக்குப் பழக்கம் வராது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். யாருக்குமே சீக்கிரம் வருவதில்லை. தினமும் வந்து கேட்கிற ஆள் இருந்தால் வரும்.

ஆகவே நம் மார்க்கெட்டுக்கு என்று யாராவது திட்டம் போட்டால், ஒரு பழைய குமாஸ்தாவின் குறிப்பு இது.

முதலாவது, சின்னதாக ஆரம்பியுங்கள். நாளுக்கு ஒரு டன் போதும். ஒரு டன் பழக்கழிவில் ஏறத்தாழ 50 முதல் 80 கன மீட்டர் வாயு கிடைக்கும். இரண்டு சிலிண்டருக்குச் சமம். அதை மின்சாரமாக்கப் போனால் முக்கால் பங்கு சூடாகவே போய்விடும். அங்கேயே ஒரு டீக்கடையிலோ சமையற்கூடத்திலோ நேராக எரித்துவிடலாம்.

இரண்டாவது, நிரந்தரமாக இரண்டு பேர். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் இருக்க. அவர்களுக்குச் சரியான சம்பளம், கையுறை, பயிற்சி. எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்ற கட்டளை. அந்த வாயு மூச்சை நிறுத்திவிடும். ஒரு உயிர் போனால் அப்புறம் என்ன திட்டம்?

மூன்றாவது, மே, ஜூன் மாதத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு. மாம்பழமும் பண்ருட்டிப் பலாவும் ஒரே நேரத்தில் வந்து கொட்டும். அத்தனையையும் தொட்டிக்குள் தள்ளாமல், சாணமும் காய்கறிக் கழிவும் சேர்த்து அளவாகப் போட வேண்டும். மிச்சம் எருவுக்கு.

நான்காவது, என் மனதுக்கு மிக நெருக்கமானது. மார்க்கெட் வாசலில் ஒரு கரும்பலகை. இன்று போட்டது எத்தனை கிலோ, அடுப்பு எரிந்தது எத்தனை மணி நேரம். எரியாத நாளில் எரியவில்லை என்றே எழுத வேண்டும். போகிறவர் வருகிறவர் படிக்கட்டும். மேஜையில் உட்கார்ந்து நிரப்ப முடியாத இடத்தில் இருக்கட்டும் அந்த இரண்டாவது கட்டம்.

லாபம் வருமா என்று கேட்பார்கள். வாயு விற்றுச் செலவை ஈடுகட்ட முடியாது என்பது என் எண்ணம். ஆனால் செலவு இப்போது மட்டும் இல்லையா? தினமும் வண்டி, டீசல், ஆள். கிடங்கில் குவிகிற பழக்கழிவும் உள்ளே காற்றில்லாமல் இதே மீத்தேனைத்தான் விடுகிறது. நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. குப்பை மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைவதை நாம் பார்த்தவர்கள்தானே. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் நாற்றத்துக்கும் புகைக்கும் ஒரு விலை போட்டால், எந்தக் கணக்கு லாபம் என்று தெரிந்துவிடும்.

மார்க்கெட் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தனியா ஒரு கூடை குடுத்தா நான் பிரிச்சுப் போட மாட்டனா ஐயா? கூடையத் தெனம் யாரு வந்து எடுப்பா, அதச் சொல்லுங்க" என்றார்.

நான் இரண்டு பக்கம் எழுதினதை அவர் ஒரு கேள்வியில் கேட்டுவிட்டார். திட்டம் வரும்போது, மார்க்கெட்டுக்குப் போகும் நாம் ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியையே கேட்போம். என் பங்குக்கு, என் கொல்லைத் தொட்டிக்கும் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இரண்டு கட்டம். நேற்று ஊற்றியது நாலு கிலோ. எரிந்தது முக்கால் மணி நேரம். போன செவ்வாய்க்கிழமை ஒன்றும் ஊற்றவில்லை, முட்டிவலி. அதையும் எழுதியிருக்கிறேன்.